முதல் பிரசவத்தில் பிரஷர் கூடியவருக்கு அஸ்பிரின்: ஆராய்ச்சி என்ன காட்டியிருக்கிறது?

கேள்வி: ஆசிரியை, பொகவந்தலாவை

வணக்கம். என் தங்கைக்காக இதை எழுதுகிறேன். அவளுக்கு இது இரண்டாவது கர்ப்பம். இப்போது 11 வாரம் நடக்கிறது.

முதல் பிள்ளையைச் சுமந்தபோது 32 வாரம் வரை அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள், அந்தியில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி வீட்டு வேலையும் பார்ப்பாள். கால் வீங்கியிருந்ததை நாள் முழுவதும் மலையில் நிற்பதன் விளைவு என்றே நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். 33ஆம் வாரத்தில் கிளினிக்குக்குப் போன இடத்தில் பிரஷர் 170க்கு 110 என்றும் சிறுநீரில் புரதம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அன்றிரவே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி, மறுநாள் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளையின் நிறை 1450 கிராம். நான்கு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்தவன், இப்போது நான்கு வயதாகி வாசலில் ஓடித் திரிகிறான்.

இம்முறை கிளினிக்கில் அவளைப் பரிசோதித்த வைத்தியர், 12ஆம் வாரம் தொடங்கியதிலிருந்து ஒவ்வோர் இரவும் 150 மில்லிகிராம் அஸ்பிரின் குடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், கல்சியமும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவளுடைய மாமியார் அந்தக் குளிசையைக் கையில் தொட விடுகிறார் இல்லை. இரத்தத்தை இளக்கும் மருந்தைக் குடித்தால் கரு கலைந்துவிடும் என்பது அவருடைய அச்சம். இது மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுப்பது, கர்ப்பிணிகளுக்கு நோவுக் குளிசைகளே ஆகாது என்று மருந்துக் கடையிலும் யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தன் இரண்டு பிள்ளைகளை லயத்திலேயே பறிகொடுத்தவர் அவர்.

நான் அறிய விரும்புவது இவைதான். இந்த மருந்து உண்மையாகவே பயன் தருகிறது என்று யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்பதை ஆராய்ந்திருக்கிறார்களா? அப்படி ஆராய்ந்திருந்தால், அது வெள்ளைக்காரப் பெண்களிடம் மட்டும் செய்யப்பட்டதா, அல்லது நம்மைப் போன்றவர்களிடமும் செய்யப்பட்டதா? அவள் மாமியாரிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாக யாராவது எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: மகப்பேற்று வைத்தியர், கண்டி

சகோதரி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்கு எழுதப்பட்ட மருந்து அவருடைய வரலாற்றுக்குப் பொருத்தமானது. அதைத் தொடங்க, அவருக்கு எழுதிக் கொடுத்த 12ஆம் வாரத்தை விடத் தகுந்த வேளை இல்லை. முன்சூல்வலிப்பு என்று நாங்கள் அழைக்கும் இந்த நோயினால் 34 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க நேர்ந்த தாய்மாரில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது திரும்பி வருகிறது. எனவே உங்கள் குடும்பம் ஒப்பிட வேண்டியது மருந்தின் ஆபத்தையும் ஆபத்தே இல்லாத ஒரு நிலையையும் அல்ல. சிறிய ஒரு குளிசையையும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள ஒரு நோயையும்தான்.

ஏன் இவ்வளவு முந்தித் தொடங்குகிறோம் என்பதை மாமியாருக்கு விளக்கினால் மற்றவை எளிதாகும் என்று நினைக்கிறேன். நோய் 33ஆம் வாரத்தில் வெளிப்பட்டாலும் அதற்கான வித்து முதல் நான்கைந்து மாதங்களுக்குள் விழுந்துவிடுகிறது. கருப்பையின் சுவரில் சுருள் சுருளாக ஓடும் சிறு நாடிகள் உண்டு. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் கலங்கள் அவற்றுக்குள் புகுந்து, சுவரிலுள்ள தசையை அகற்றி, ஒடுங்கிய குழாய்களை அகன்ற வாய்க்கால்களாக மாற்ற வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால், பிள்ளை வளர வளர நஞ்சுக்கொடிக்குக் குருதி போதாமற் போகிறது. அவதிப்படும் நஞ்சுக்கொடி தாயின் குருதியில் சில புரதங்களை மிகையாகக் கலக்கத் தொடங்குகிறது. 2003இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஆனந்த் கருமாஞ்சியின் குழுவினர் அவற்றுள் ஒன்றை அடையாளம் கண்டனர். சினை எலிகளின் உடலில் அந்தப் புரதத்தைக் கூட்டியபோது அவற்றுக்கும் குருதியமுக்கம் உயர்ந்து சிறுநீரில் புரதம் வெளியேறியது. தாயின் பிரஷர், வீக்கம், சிறுநீரகப் பாதிப்பு, பிள்ளையின் நிறைக் குறைவு ஆகிய அனைத்தும் ஒரே வேரிலிருந்து வருவன என்பது அதன் பின்னரே நன்கு விளங்கியது. உங்கள் தங்கையின் மகன் 1450 கிராமுடன் பிறந்ததற்கும் அவனுடைய தாயின் பிரஷருக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

குறைந்த அளவிலான அஸ்பிரின், குருதிச் சிறுதட்டுகள் சுரக்கும் துரொம்பொக்சேன் என்னும் பொருளைக் குறைக்கிறது. நாடிகளை ஒடுக்குவதும் உறைகட்டிகளை உண்டாக்குவதும் அந்தப் பொருளே. மருந்து இப்படி வேலை செய்யக்கூடும் என்ற எண்ணம் பழையது. ஆனால் அதை நிறுவுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1994இல் வெளியான கிளாஸ்ப் என்ற பெரிய ஆய்வில் 9364 பெண்கள் கலந்துகொண்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த அளவு 60 மில்லிகிராம் மட்டுமே. பலர் கர்ப்பத்தின் பிற்பகுதியில்தான் சேர்க்கப்பட்டார்கள். கிடைத்த பயன் மிகச் சிறியது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவிலேயே இருந்தது. இந்த மருந்தில் பலன் இல்லை என்று பல வைத்தியர்கள் அப்போது கைவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வு வேறொரு பெரிய உதவியைச் செய்தது. அஸ்பிரின் குடித்த தாய்மாரின் பிள்ளைகளை ஒன்றரை வயது வரை தொடர்ந்து பார்த்து, வளர்ச்சியில் தீங்கு எதுவும் காணப்படவில்லை என்பதைப் பதிவு செய்தது.

பின்னர் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், 16 வாரத்துக்கு முன் தொடங்கியவர்களிடமே பயன் தெளிவாக இருப்பதைக் கவனித்தார்கள். அதை நேரடியாகச் சோதித்தது, 2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரே என்ற ஆய்வு. லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடஸ் வழிநடத்திய அந்த ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1776 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 150 மில்லிகிராம் அஸ்பிரினும் மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள வெற்றுக் குளிசையும் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவு நேரத்தில் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் பிரசவிக்கச் செய்யும் வகையான முன்சூல்வலிப்பு, வெற்றுக் குளிசை குடித்தவர்களில் 4.3 வீதமானோருக்கும் அஸ்பிரின் குடித்தவர்களில் 1.6 வீதமானோருக்கும் வந்தது. 37 வாரத்துக்குப் பின் வரும் நோயை அஸ்பிரின் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் பிள்ளையை 1450 கிராமில் வெளியே எடுக்க வைப்பது முந்தி வரும் வகைதானே.

நம்மைப் போன்றவர்களிடம் செய்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். செய்திருக்கிறார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, கொங்கோ, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் முதற் கர்ப்பமுற்ற 11,976 பெண்கள் கலந்துகொண்டார்கள். 81 மில்லிகிராம் அஸ்பிரினை 6ஆம் வாரத்துக்கும் 14ஆம் வாரத்துக்கும் இடையில் தொடங்கினார்கள். குறைமாதப் பிரசவம் 13.1 வீதத்திலிருந்து 11.6 வீதமாகக் குறைந்தது. மாமியாரின் அச்சத்துக்கு நேரான விடையும் அதில் இருக்கிறது: அஸ்பிரின் குடித்தவர்களிடம் கருவும் சிசுவும் இறப்பது கூடவில்லை, பிறப்பை ஒட்டிய சிசு மரணங்கள் குறைந்தே இருந்தன.

மருந்துக் கடையில் சொன்னதை முழுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. நோவுக்காகக் குடிக்கும் பெரிய அளவு அஸ்பிரினும், ஐபுபுரோஃபன், டைக்லோஃபெனாக் போன்றவையும் கர்ப்பத்தின் பிற்பகுதியில் பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்தருகேயுள்ள ஒரு குருதிக் குழாயையும் பாதிக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் 20 வாரத்துக்குப் பின் அவற்றைத் தவிர்க்குமாறு எச்சரித்தபோது, குறைந்த அளவு அஸ்பிரினை அந்த எச்சரிக்கையிலிருந்து தனியாக விலக்கியது. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. பிரசவ வேளையில் குருதிப் போக்கு சற்றுக் கூடலாம் என்று சில பிந்திய ஆய்வுகள் காட்டுவதால்தான் 36 வாரத்தை ஒட்டி நிறுத்தச் சொல்கிறோம். உங்கள் தங்கைக்கு இரைப்பைப் புண்ணோ, ஆஸ்துமாவோ, முன்னர் அஸ்பிரின் ஒவ்வாமையோ இருந்தால் தொடங்குமுன் அதை வைத்தியரிடம் சொல்லட்டும்.


பதில் 2: ஓய்வுபெற்ற மருத்துவமாது, தலவாக்கலை

மகள், டொக்டர் எழுதியதை நீங்கள் அந்த அம்மாவுக்கு வாசித்தே காட்டலாம். நான் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டங்களில் ஏறி இறங்கியவள். குளிசையைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குளிசை குடிக்கிறோம், இனிப் பயமில்லை என்று கிளினிக்கைத் தவறவிட்ட தாய்மாரையும் கண்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

இந்த நோய் தொடங்கும்போது பெரும்பாலும் நோவு தெரியாது. உங்கள் தங்கைக்கு 170க்கு 110 இருந்தபோதும் அவர் மலைக்குப் போய் வந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 20 வாரத்துக்குப் பின் 140க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே அதை அசட்டை செய்யக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள கையில் பட்டி கட்டி அளப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் தங்கையின் வரலாறு உள்ளவர்களுக்கு மாதம் ஒரு தடவை போதாது. அடுத்தடுத்த திகதிகளை வைத்தியரிடம் கேட்டு, கர்ப்பிணி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பகுதி மருத்துவமாதுவிடம் முதல் பிரசவத்தின் கதையை நீங்களே சொல்லுங்கள். பழைய வைத்தியசாலை டிக்கட் கையில் இருந்தால் அதையும் காட்டுங்கள். கிளினிக் நாளில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடுமே என்று தயங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் நியாயமானது என்பதும் தெரியும். அதனால் அந்த நாளின் சம்பளத்தைக் குடும்பத்தில் வேறு யாராவது ஈடுசெய்ய முடியுமா என்று இப்போதே பேசி வையுங்கள்.

தலையைப் பிளக்கும் தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது அல்லது மங்கலாகத் தெரிவது, வலப்பக்க விலாவுக்குக் கீழே நோவு, முகமும் கையும் திடீரென்று ஊதுவது, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைவது ஆகிய எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எங்கள் பாதைகளில் அது வர நேரம் எடுக்கும் என்பதால், லயத்திலிருந்து பெரிய பாதை வரை எப்படிக் கொண்டுபோவது, யாருடைய ஓட்டோ இரவில் கிடைக்கும் என்பவற்றை ஏழாம் மாதத்துக்கு முன் தீர்மானித்துவிடுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த நோய் முற்றி வலிப்பு வந்த ஒரு தாயைக் கொழுந்து லொறியில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். போய்ச் சேர்ந்த வைத்தியசாலையில் பொறுப்பானவர் வரும் வரை வாசலிலேயே நெடுநேரம் காத்திருந்தோம். அந்தக் காலத்தில் வலிப்புக்கு டயசிபாம்தான் ஏற்றுவார்கள். அவர் பிழைக்கவில்லை. மக்னீசியம் சல்பேட் கொடுத்தால் வலிப்பு திரும்புவது டயசிபாமைவிடப் பாதிக்குக் குறைகிறது என்று 1995இல் ஓர் ஆய்வு காட்டியது. வலிப்பு வருமுன்பே அதைக் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேலாகக் குறைகிறது என்று 2002இல், 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் செய்த மற்றோர் ஆய்வு காட்டியது. மலிவான ஓர் உப்பு மருந்து அது. பயிற்சி வகுப்பில் அந்த முடிவுகளை வாசித்துக் காட்டியபோது அந்த லொறிதான் என் கண்முன் நின்றது.

மாமியாரிடம் பேசும்போது மருந்தைப் பற்றித் தொடங்காமல், அவர் இழந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள். எத்தனை மாதத்தில் போனார்கள், அவருக்கு அப்போது கால் வீங்கியதா என்று கேளுங்கள். அவருக்கும் இதே நோய் இருந்திருக்கக்கூடும். அந்தக் காலத்தில் யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.


பதில் 3: ஒரு தகப்பன், மஸ்கெலியா

எங்கள் மகளும் குறைந்த நிறையுடன் பிறந்தவள் என்பதால் இந்த இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மனைவிக்குப் பிரஷர் இருக்கவில்லை. மலைநாட்டில் உயரம் அதிகம், காற்றில் பிராணவாயு குறைவு, அதனால் இங்கே பிள்ளைகள் சிறிதாகத்தான் பிறக்கும் என்று ஒருவர் சொன்னார். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா? உண்டென்றால் அஸ்பிரின் குடித்து என்ன பயன் என்றும் ஒரு கேள்வி எழுகிறது.


பதில் 4: உயிரியல் விரிவுரையாளர், பதுளை

உயரத்துக்கும் பிறப்பு நிறைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலை ஊர்களில் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே 1000 மீட்டர் ஏறும்போது பிறப்பு நிறை சராசரியாக 100 கிராம் அளவு குறைகிறது என்று கண்டறிந்தார்கள். 3100 மீட்டர் உயரத்திலுள்ள ஊரில் முன்சூல்வலிப்பும் கூடுதலாகக் காணப்பட்டது. அதே வேளை, தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் திபெத்தியரிடமும் அந்தீஸ் மலை மக்களிடமும் இந்தக் குறைவு சிறியது.

ஆனால் அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரும்போது அளவைப் பார்க்க வேண்டும். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1870 மீட்டரிலும் ஹட்டன் ஏறத்தாழ 1270 மீட்டரிலும் இருக்கின்றன. கொலராடோக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும் ஹட்டனில் அது நூறு கிராமுக்குச் சற்று மேலே மட்டுமே வரும். 3000 கிராம் இருக்க வேண்டிய பிள்ளை 2200 கிராமில் பிறப்பதை அது விளக்காது. தோட்டப் பகுதிகளில் நிறை குறைந்த பிறப்புகள் நாட்டின் சராசரியைவிட அதிகமாக இருப்பதற்குத் தாயின் சொந்த உடல்வளர்ச்சி, கர்ப்பமாகுமுன் இருந்த நிறை, குருதிச்சோகை, கர்ப்பத்திலும் தொடரும் கடும் உடலுழைப்பு ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். மலையின் மேல் பழியைப் போட்டுவிட்டால் இவற்றை மாற்ற வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமற் போய்விடும் என்பது எனக்கு உறுத்துகிறது.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு: எல்லாச் சிறிய பிள்ளைகளுக்கும் அஸ்பிரின் மருந்தல்ல. நஞ்சுக்கொடியின் குறையால் வளர்ச்சி தடைப்படும் பிள்ளைகள் ஒரு வகை. தாயும் தந்தையும் சிறிய உடலினர் என்பதால் சிறிதாக, ஆனால் நலமாக வளரும் பிள்ளைகள் வேறு வகை. இரண்டையும் பிரித்தறிவதற்காகத்தான் ஒரே ஸ்கேனில் முடிவு சொல்லாமல், சில வாரம் கழித்து மறுபடியும் அளந்து வளர்ச்சி தொடர்கிறதா என்று பார்ப்பதும், தொப்புள்கொடியின் நாடியில் குருதி ஓடும் விதத்தை டொப்ளர் என்னும் ஸ்கேன் முறையைக் கொண்டு பார்ப்பதும்.

கல்சியத்தைப் பற்றி இதுவரை யாரும் விரிவாக எழுதவில்லை. உணவில் கல்சியம் குறைந்த மக்களிடம் அது முன்சூல்வலிப்பைக் குறைக்கிறது என்பதால் உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை பரிந்துரைத்திருந்தது; அத்தனை குளிசைகளை விழுங்குவது பலருக்கு இயலாத காரியம். 2024இல் வெளியான ஆய்வில் பெங்களூரிலும் தன்சானியாவிலும் இடத்துக்கு 11,000 பெண்களாகச் சேர்த்து, 500 மில்லிகிராமும் 1500 மில்லிகிராமும் ஒப்பிடப்பட்டன. முன்சூல்வலிப்பைப் பொறுத்தவரை குறைந்த அளவு கூடிய அளவுக்குப் பின்தங்கவில்லை. பாலும் தயிரும் அன்றாடம் கிடைக்காத லயத்து வீடுகளுக்கு இது நல்ல செய்தி.


கேள்வி கேட்டவர்: ஆசிரியை, பொகவந்தலாவை

அனைவருக்கும் நன்றி. மருத்துவமாது அம்மா சொன்னபடியே தொடங்கினேன். தங்கையின் மாமியார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, இரண்டாவது பிள்ளையின்போது தனக்கு முகம் ஊதி, கண் தெரியாமற் போய், எட்டாம் மாதத்தில் வலிப்பு வந்ததாகச் சொன்னார். அதைத் தன் மகனிடம்கூட இதுவரை சொல்லியதில்லையாம். சனிக்கிழமை 12 வாரம் தொடங்கியது. முதல் குளிசையை அவரே தண்ணீருடன் எடுத்துக் கொடுத்தார். ஒரு சிறிய ஐயம்: கல்சியத்தையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாகக் குடிக்கலாமா?


பதில்: ஓய்வுபெற்ற மருத்துவமாது, தலவாக்கலை

ஒன்றாகக் குடிக்க வேண்டாம், மகள். கல்சியம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். கல்சியத்தைக் காலைச் சாப்பாட்டுடன் கொடுங்கள். இரும்புக் குளிசையை இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து விற்றமின் சி குளிசையுடனோ தேசிக்காய்த் தண்ணீருடனோ குடிக்கட்டும். அஸ்பிரினைப் படுக்கப் போகும்போது குடிக்கலாம். தேத்தண்ணீரை மட்டும் இரும்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விலக்கி வையுங்கள். சாயம் வயிற்றில் இருந்தால் இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகிவிடும். நம் வீடுகளில் குளிசையைத் தேத்தண்ணீருடனேயே விழுங்கும் பழக்கம் இருக்கிறது. அந்த அம்மாவின் பிரஷரையும் அடுத்த கிளினிக் நாளில் கூட்டிப்போய் அளந்து பாருங்கள். கர்ப்பத்தில் அப்படி வலிப்பு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இருதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.